உள்ளே குவாஹாத்தி, வெளியே சென்னை

போனில் "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் பொய் சொல்லாத ஒரே ஒரு ஆளைத்தான் நான் தாம்பரத்தில் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், ஈரத்தலையோடு வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு "பல்லாவரம் தாண்டிட்டேன்" என்கிற ரகம். பஸ் ஏறாமலே பாலம் இறங்குவோம். சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள் கிண்டி வந்துவிடும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. கேட்கிறவரும் அரைமணி நேரத்தைத் தானாகவே கூட்டிக்கொண்டுதான் கேட்கிறார்.

அவளிடம் கேட்டால் அவள் இருக்கும் இடமே கிளம்பி வந்து நம் காதில் இறங்கும்.

"பெருங்களத்தூர் சிக்னல்க்கா. நடு லேன். முன்னாடி தண்ணி லாரி, குழாய்ல சொட்டுது. பக்கத்துல பைக்ல ஒருத்தர், ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிக்கிட்டு, கத்திப்பாராவுல இருக்கேன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருக்கார்."

சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். தலைமை அலுவலகம் பெங்களூரில். நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில். செல்போன் செயலிகள் பேசும் தமிழைத் திருத்துவதுதான் வேலை. 'உங்கள் உணவு கிளம்பிவிட்டது', 'உங்கள் பணம் போய்ச் சேர்ந்தது' என்று உங்கள் கையில் சிணுங்கும் வாக்கியங்கள் எங்கிருந்தோ பிறந்து வருவதில்லை. இயந்திரம் கடித்துத் துப்பிய தமிழை நாங்கள் ஏழெட்டுப் பேர் எடுத்துத் துடைத்து, தலைசீவி, பொட்டு வைத்து அனுப்பினோம்.

அதில் ஒரு நாள் 'உங்கள் ஓட்டுநர் அருகில் இருக்கிறார்' என்ற வாக்கியத்தை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். எழுத்துப்பிழை இல்லை, ஒற்று சரி, எல்லாம் சரி. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதியிருந்தாள்: 'அருகில் என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.'

மேனேஜர் இதற்காக ஒரு கூட்டமே போட்டார். நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். வாடிக்கையாளருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே மேடம் என்று கெஞ்சினார். அவள் இறங்கி வரவில்லை. கடைசியில் 'உங்கள் ஓட்டுநர் வந்துகொண்டிருக்கிறார்' என்று மாற்றினார்கள். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அதுவும் சந்தேகம்தான்க்கா, போகட்டும்" என்றாள்.

இவ்வளவு உண்மை பேசுகிறவளுக்கு ஒரே ஒரு விதி மட்டும் ஒத்துவரவில்லை. வீட்டிலிருந்துதான் வேலை செய்ய வேண்டும், வேறெங்கிருந்தும் கூடாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் போட்ட நிபந்தனை. சேர்ந்த அன்று எல்லோரும் வீட்டிலிருந்து ஒருமுறை லாகின் போட்டு உள்ளே நுழைந்து காட்டினோம். எந்த ஊரிலிருந்து நுழைகிறோம் என்று கம்பெனியின் கணினி குறித்துக்கொண்டது. அவள் தன் போனின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்து நுழைந்தாள். 'சென்னை' என்று பதிவானது. அதற்குப் பிறகு யாரும் அவளை எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அவள் வீடு பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், ஒற்றை ஹால். கணவர் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர். பகலெல்லாம் அந்த ஹாலில்தான் உறங்க வேண்டும். "கீபோர்டு சத்தத்துக்கே முழிச்சுக்கிறார்க்கா, பாவம்" என்பாள். உண்மைதான். ஆனால் அவருக்குப் பகல் வேலை மாறிவந்த வாரத்திலும் அவள் வீட்டில் இல்லை. அந்த வாரம் என்ன காரணம் என்று கேட்டேன்.

"அந்த வாரம் பழக்கம்."

பழக்கமாவது! அது ஒரு காய்ச்சல். காலையில் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் ஆரம்பிப்பாள். எதிரே மின்ரயில்கள் வந்து மூச்சுவிட்டுத் திரும்பும். அவள் மடியில் 'உங்கள் பொருள் கிளம்பிவிட்டது' திருத்தம் பெறும். வெயில் ஏறினால் சேலையூரில் ஒரு சர்ச் வளாகத்து வாதாமர நிழல். மதியம் திருமுடிவாக்கத்தில் அவள் அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையின் சாப்பாட்டு அறை, சுற்றிலும் இரும்பு அறுபட்டு ஆரஞ்சுப் பூ கொட்டும். ஒரு நாளைக்குள் அவள் இத்தனை இடத்தில் இருந்தாள் என்பதைக் கேட்கும்போதே எனக்குக் கால் பரபரக்கும். நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஜன்னல் மாற்றி ஜன்னல் உட்கார்ந்து பார்ப்பேன்.

வண்டலூர் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், நீர்யானைக்கு எதிர் பெஞ்சிலும் ஒருநாள் வேலை பார்த்தாள். அன்று எல்லோரும் இணைப்பில் இருக்கும்போது அந்தப் பிராணி நீரைவிட்டு எழுந்து ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. என்ன சத்தம் அது என்று மேனேஜர் கேட்டார். கேட்டுவிட்டாரே, அவள் சொல்ல வேண்டியதுதானே.

"நீர்யானை சார்."

ஏழெட்டு ஊர்களில் ஏழெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்காரரை அப்படியெல்லாம் சொல்லலாமா மேடம் என்றார் மேனேஜர். அவள் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு அடங்க அன்று சாயங்காலம் ஆயிற்று.

போகிற இடத்திலெல்லாம் அவள் முதலில் ஒன்று செய்வாள். இணையத்தில் நம் முகவரியை நமக்கே காட்டும் ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்து, ஐ.பி. அட்ரஸ் என்கிற அந்தப் புள்ளி வைத்த எண்களை வாய்விட்டுப் படிப்பாள். ஜூஸ் கடையில் ஒன்று. பல் ஆஸ்பத்திரியில் ஒன்று. நாத்தனார் வீட்டில் ஒன்று. கடைக்காரரிடம் வைஃபை ரகசியச் சொல்லை வாங்கி, நுழைந்து, எண்ணைப் பார்த்துக் கண் விரிந்து, உடனே வெளியே வந்துவிடுவாள். ஆபீஸ் வேலையைக் கடை வைஃபையில் செய்ய மாட்டாள்; அது தப்பாம். அதற்கு எப்போதும் சொந்தப் போன்தான்.

எனக்கு இது விளங்காமல் கேட்டபோது, கேம்ப் ரோடு சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "போன் நம்பர் நம்மோடதுக்கா, கூடவே வரும். இது நம்மோடது இல்ல. போற இடத்துல அவங்க குடுக்கிறது. கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் தர்றாங்கல்ல? இந்தக் கோயில் டோக்கன் அடுத்த கோயில்ல செல்லுமா?"

அன்று முதல் எனக்கும் கிறுக்குப் பிடித்தது. அதே போன், அதே கை, அதே நான். படி இறங்கினால் வேறு எண். தெரு திரும்பினால் வேறு எண். காற்று என்னை ஒவ்வொரு வாசலிலும் புதிதாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு இதைவிட வேறென்ன உற்சாகம் வேண்டும்? பறவைகளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு இதில் ஒரே ஒரு குறை. சொந்தப் போனில் பார்த்தால், எண்ணின் வால் அசைந்தாலும், பக்கத்தில் ஊர் மட்டும் எப்போதும் 'சென்னை' என்றே இருக்கும். ஸ்டேஷனிலும் சென்னை, இரும்புப் பட்டறையிலும் சென்னை, நீர்யானை முன்னாலும் சென்னை. போன் கம்பெனிக்கு வெளிவாசல் ஒன்றுதான், இந்தப் பக்கத்துக்காரர் எல்லோரையும் அந்த வாசல் வழியாகத்தான் உலகத்துக்குள் விடுகிறார்கள், வெளியே இருப்பவர் வாசலை மட்டும்தான் பார்க்கிறார் என்று விளக்கினாள். விளக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இவ்வளவு சுற்றியும் தான் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பதிவாவது அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர்ப் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். அதே வாரம் அவள் கணவர் கிரிக்கெட் பார்ப்பதற்காக உள்ளூர் கேபிள்காரரிடம் சொல்லி வீட்டுக்கு இணையம் போட்டிருந்தார். ஆக, வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் விதிப்படி வீட்டில் உட்கார்ந்து, வீட்டு வைஃபையில், காதில் பஞ்சு வைத்த கணவர் பக்கத்தில் உறங்க, சமர்த்தாக வேலை செய்தாள்.

மழை என்றால் கரண்ட் போகும். போனால் வைஃபை சாகும். அவள் மடிக்கணினி போனுக்குத் தாவும். வந்தால் மறுபடி வைஃபை. அன்று காலை கரண்ட் கண்ணாமூச்சி ஆடியது. பத்து மணிவாக்கில் என்னைக் கூப்பிட்டாள். குரலில் நடுக்கமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

"அக்கா, என் லாகினைப் பூட்டிட்டாங்க. நான் அசாம்ல இருக்கேனாம்."

"எங்க இருக்க?"

"கட்டிலுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவுல."

மழை விட்டிருந்தது, ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். மடிக்கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்திருந்தாள். 'சாத்தியமில்லாத பயணம்' என்று தலைப்பு. அவள் காலையில் குவாஹாத்தியிலிருந்து நுழைந்தாள், சில நிமிடங்களில் சென்னையிலிருந்து நுழைந்தாள், மீண்டும் குவாஹாத்தி, மீண்டும் சென்னை. ஆகவே அவள் தன் கடவுச்சொல்லை அசாமில் யாருக்கோ கொடுத்து வேலையைப் பங்கு பிரிக்கிறாள் என்று சந்தேகம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் இன்றோடு வேலை இல்லை. கொஞ்ச நேரத்தில் விசாரணை.

கட்டிலில் அவள் கணவர் போர்வைக்குள் சுருண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிப்பார்களா தெரியாது என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள். நிச்சயமாக வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் ஒன்றுதான். எழுப்பவா என்று சாடை கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

கேபிள்காரரைக் கூப்பிட்டு எங்கள் இணையம் ஏன் அசாமைக் காட்டுகிறது என்று கேட்டோம். அவர் எங்கோ கம்பத்தின் மேல் இருந்தார்.

"அது ஒண்ணியும் இல்ல சிஸ்டர். நமக்கு நம்பர் குடுக்கறவன் முன்ன அந்தப் பக்கம் வச்சினு இருந்த நம்பர இப்ப இங்க தள்ளிவுட்டுக்கீறான். ஊர் பேரு இன்னும் மாத்தல. செகண்ட்ஸ்ல வண்டி வாங்கினு ஆர்.சி.ல பேர் மாத்தாம ஓட்டறோமே, அந்தக் கதைதான். மேட்ச் நல்லா தெரியுதா?"

இதை எழுதித் தர முடியுமா என்று கேட்டதற்கு, தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்றார்.

விசாரணை ஆரம்பித்தது. திரையில் மேனேஜர்; அவர் பக்கத்துக் கட்டத்தில் செக்யூரிட்டி பிரிவிலிருந்து ஒரு பெண்மணி, கோவைப் பக்கத்துக் குரல், சிரிக்காத முகம். நான் திரைக்குத் தெரியாமல் வாஷிங் மெஷின் ஓரம் நின்றுகொண்டேன்.

குவாஹாத்தியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தால்கூட இத்தனை நிமிடத்தில் முடியாதே, எப்படி வந்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். வரவே இல்லை என்றாள். அப்படியென்றால் அங்கே யார் என்றார். அங்கே யாருமில்லை, எண்ணுக்குத்தான் ஊர் மாறவில்லை என்று வண்டிக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண்மணி நிதானமாகக் கேட்டுவிட்டு, பின்னால் தெரியும் அறை நிஜமா என்றார். அவள் மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினாள். போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீண்டிருந்தது.

"இது யாரு மேடம்?"

"என் வீட்டுக்காரர்."

"ரூமும் காலும் எந்த ஊர்லயும் இப்படித்தானுங்க இருக்கும். வெளிய காட்டுங்க."

அவள் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள். அவள் போனை எடுத்துக்கொண்டு நான் முன்னாலேயே போய் மூலையில் ஒண்டினேன். கீழே தீபாவளிக் கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டையே மறைத்திருந்தது. தெற்கே போகிற பஸ்கள் ஒன்றின் முதுகில் ஒன்று முட்டி நின்றன. ஜவுளிக்கடைப் பைகள், பட்டாசுப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின், ஜன்னல் வழியாக உள்ளே திணிக்கப்படும் ஒரு குழந்தை. கண்டக்டர்கள் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர்களைக் கூவி எறிந்தார்கள். அசாமில் இதைச் செட்டு போட முடியாது.

ஆனால் அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்துவிட்டது. சுவரைத் தாண்டியதும் வைஃபை விட்டுப்போயிற்று. மேனேஜர் வாய் திறந்தபடி நின்றார். அவள் கண்ணில் முதல்முறையாக நீர் கட்டியது. பிறகு மடிக்கணினி என் கையிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டது; வாய் மூடியது.

செக்யூரிட்டி பெண்மணி தன் வேறொரு திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"மேடம், இப்ப நீங்க சென்னை."

"பால்கனிக்கு வந்தேன்."

"உள்ள போங்க."

உள்ளே போனாள். உறைந்தது, உருகியது.

"குவாஹாத்தி," என்றார் அவர். "மறுபடி வெளிய."

வெளியே வந்தாள். சென்னை. உள்ளே போனாள். குவாஹாத்தி. நடுவில் ஒரு மிதியடி, அவ்வளவுதான். பிரம்மபுத்திரா அந்தத் தேங்காய்நார் மிதியடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏந்திய மடிக்கணினியோடு போகவும் வரவும், போகவும் வரவும், மேனேஜருக்கு ருசி தட்டிவிட்டது; இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார். சிரிக்காத பெண்மணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பளபளத்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு தூரம் அவள் போனதே இல்லை.

"போதும் மேடம்," என்றார் அந்தப் பெண்மணி. "முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஊர் மட்டும் மாறுது. இது எண்ணோட கோளாறு. உங்க மேல தப்பில்லைன்னு எழுதிடறேனுங்க."

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மேனேஜர் நல்ல மனிதர் என்று சொன்னேனே. பாராட்டிவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். அவளுடைய பழைய பதிவுகளை எல்லாம் காலையில் எடுத்துப் பார்த்தாராம். இந்த மழைக்கு முன்னால் ஒரு நாள்கூட ஊர் மாறவில்லை. அசையாத பதிவு. மற்றவர்களுக்கெல்லாம் இவளை உதாரணம் காட்டி, எல்லோரும் ஒழுங்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கறேன் மேடம். அத்தனை நாளும் வீட்லதானே இருந்தீங்க?"

கேட்டுவிட்டார். இத்தனை காலத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டேவிட்டார்.

நான் மூலையிலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினேன். கும்பிட்டேன். கட்டிலைக் காட்டினேன், நீண்டிருந்த பாதத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"இல்ல சார். நான் வீட்லயே இல்ல. தாம்பரம் ஸ்டேஷன்ல இருந்தேன், சேலையூர்ல இருந்தேன், திருமுடிவாக்கத்துல இருந்தேன். வண்டலூர்ல நீர்யானை முன்னாடி இருந்தேன், அன்னிக்குச் சொன்னேன். இந்த வாரம்தான் சார் வீட்ல இருக்கேன்."

மேனேஜரின் முகத்தில், கையெழுத்துப் போட்டு அனுப்பிய அந்தக் கடிதம் வாடிக்கையாளர் மேசையில் போய் இறங்குவது தெரிந்தது. அவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"மேடம், வாய்ஸ் வரலை."

அவள் மறுபடி சொன்னாள். இன்னும் தெளிவாக, இடம் இடமாக நிறுத்தி, எங்கள் வேலையில் வாக்கியத்தைச் சரிபார்ப்பது போல.

"இப்பவும் வரலை மேடம். நெட் கட் ஆகுதுன்னு நினைக்கிறேன். உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?" என்று பக்கத்துக் கட்டத்தைக் கேட்டார்.

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் வரலைங்க" என்றார்.

பிறகு அந்தப் பெண்மணியே முடிவைச் சொன்னார். வீட்டு வைஃபை ஒவ்வொரு முறையும் எச்சரிக்கையைக் கிளப்பும், ஆகவே அதை அனுமதிக்க முடியாது. போன் இணையம் எப்போதும் சென்னையில் நிற்கிறது. அது ஒன்றே அனுமதிக்கப்பட்ட இடம். அவள் இனி அதில் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். லாகின் திறந்தாகிவிட்டது. சரிங்களா மேடம், தீபாவளி வாழ்த்துகள்.

திரை இருண்டது. அவள் மடிக்கணினியை மூடாமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ரோடு வரைக்கும் கேட்டுது."

"அப்ப அவங்களுக்கும் கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும்."

அதை ஒருமுறை உள்ளுக்குள் சரிபார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. முகம் மெல்ல விரிந்தது. எழுந்து சார்ஜரைச் சுருட்டினாள், பையில் போட்டாள், என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். செருப்பைத் தேடும்போது போர்வை அசைந்தது. கணவர் கண் திறக்காமல், தூக்கக் கலக்கத்தில், எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"இன்னும் தெரியலைங்க," என்றாள். "போயிட்டுச் சொல்றேன்."